சும்மா உட்கார ஆள் வேண்டும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று டீச்சர் என் பக்கத்தை ஒரு சிவப்புக் கோடுகூடப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்காரும் தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர் பேனாவில் மை தீர்ந்துபோயிருக்கும் என்றாள். வயிற்றெரிச்சல். வேறென்ன?

வரும் வழியில் கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். இத்தனை வருஷமாக இருந்திருக்கிறார். பல்லெல்லாம் போன பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்.

மற்றவர்கள் அறிவு வளர எழுதப் படிக்கக் கற்கிறார்கள். நான் சத்தம் குறையக் கற்றேன். மருமகளுக்குக் காதுதான் பிழைப்பு. பள்ளிக்கூட ஹால், கல்யாண ஹால் என்று போய், எந்த மூலையில் எந்த ஸ்பீக்கரைத் தொங்கவிட்டால் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும் என்று கணக்குப் போட்டு, வரைந்து, மாட்டிக் கொடுப்பவள். பகலெல்லாம் சத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே நான். ஆயுசு முழுக்கக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவன். சந்தையில் என் பெயரே வெண்கலம். நான் தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் வரும்.

ஒருநாள் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, சொல்லணும்னு தோணறதுல பாதியை எழுதிப் பாருங்களேன்."

எனக்கு எழுதத் தெரியாதே என்றேன். மறுநாளே வகுப்பில் சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரி.

பிப்ரவரி 11, புதன்

மருமகள் இப்போது பிடித்திருப்பது பெரிய வேலை. ஊருக்குப் புதிதாகக் கட்டுகிற ஹால். இரண்டாயிரம் பேர் உட்காரலாம். இவ்வளவு பெரியதை அவள் செய்வது இதுதான் முதல் தடவை. சாப்பாட்டு மேசை முழுக்க அதன் வரைபடம். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு புள்ளி. நன்றாகக் கேட்கும் இடம் பச்சை, சுமாராகக் கேட்கும் இடம் மஞ்சள். சிவப்பு என்னவென்று கேட்டேன். "சிவப்பு பாவம் மாமா" என்றாள். பால்கனிக்குக் கீழே பின்வரிசை முழுக்கப் பாவங்கள். அவர்களுக்காகக் கூரையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் வைத்தாள். கணினியில் ஏதோ தட்டினாள். சிவப்பு மஞ்சளாச்சு. இன்னும் ஒன்றை நகர்த்தினாள். மஞ்சள் பச்சையாச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கை தட்டினேன். டீ கவிழ்ந்து முன்வரிசைப் பெரிய மனிதர்கள் எல்லோரும் நனைந்துபோனார்கள்.

மகன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டான்.

பிப்ரவரி 14, சனி

மருமகளோடு ஹாலுக்குப் போனேன். நாற்காலி இன்னும் வரவில்லை. மொட்டைத் தரை, மொட்டைச் சுவர், மேலே பறவை போனால் தெரியாத உயரம். மேடையில் ஏறி நின்றேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் ஏறினேன். ஏறிய மேடை எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

ஒரு கூவல் கூவினேன். "தக்காளீஈஈ!"

அடடா. என் தக்காளி பின்சுவர் வரைக்கும் போய், அங்கே முட்டி, பால்கனியில் ஏறி, இறங்கி, என்னிடமே வந்து சேர்ந்தது. பின்னாலேயே அதன் தம்பி. அதற்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை. சந்தையில் இத்தனை வருஷம் கூவியிருக்கிறேன், ஒரு தக்காளி திரும்பி வந்ததில்லை. வெங்காயம், கத்திரிக்காய், முட்டைக்கோஸ் என்று எல்லாவற்றையும் அனுப்பிப் பார்த்தேன். எல்லாம் குடும்பத்தோடு திரும்பி வந்தன.

பெயின்ட் அடிப்பவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, விலை என்ன என்று கேட்டார்.

மருமகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வால்தான் எதிரி என்றாள். சத்தத்துக்கு வால் நீளமாக இருந்தால், முதல் வார்த்தையின் வால் அடுத்த வார்த்தையின் தலையில் விழும். பேசுவது பேச்சாகக் கேட்காது, கஞ்சியாகத்தான் கேட்கும். மெத்தை நாற்காலி வந்தால் அது வாலை உறிஞ்சிக்கொள்ளும். அதை வைத்துத்தான் கணக்கே போட்டிருக்கிறாளாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

பிப்ரவரி 18, புதன்

இன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். படுத்தால் தூக்கம் வருமா என்று தெரியவில்லை, அவ்வளவு அழகாக இருக்கிறது.

மேடையில் ஒருவர் பேசுகிறார். அவர் குரல் காற்றில் நடந்து பின்வரிசைக்கு வரக் கொஞ்சம் நேரமாகிறது. ஆனால் பின்வரிசைக்கு மேலே தொங்கும் பெட்டிக்குக் கம்பி வழியாக அந்தக் குரல் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. பெட்டி உடனே பேசிவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். அதனால் மருமகள் அந்தப் பெட்டியைக் காத்திருக்க வைக்கிறாள். மேடைக் குரல் நடந்து வந்து சேரட்டும், அப்புறம் நீயும் சேர்ந்து பேசு என்று. கேட்பவருக்குப் பெட்டி இருப்பதே தெரியாதாம். மேடையில் இருப்பவரே பக்கத்தில் வந்து பேசுவது போல இருக்குமாம்.

விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் காத்திருக்கும் பெட்டி! நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 21, சனி

நாற்காலிகள் வந்துவிட்டன. மரம். வெறும் மரம்!

ஹாலைக் கட்டும் கமிட்டிக்கு ஒரு தலைவர் இருக்கிறார். மெத்தை நாற்காலியில் மூட்டைப்பூச்சி வரும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். மாற்றிவிட்டார். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரியிலிருந்து இறங்கும்போதுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். பச்சைப் புள்ளிகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. அவளுக்கு மட்டும் அவை சிவப்பாகத் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்று நானும் போயிருந்தேன். எழுதவே கை வரவில்லை. கோபம்.

பெட்டிகளை எல்லாம் மாட்டியாகிவிட்டது. தலைவர் வந்தார். நடு ஹாலில் நின்று ஒரே ஒரு தட்டுத் தட்டினார். கைத்தட்டல் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகச் செத்தது. மைக்கில் பேசிப் பார்த்தார். வாயிலிருந்து போனது பேச்சு, காதுக்கு வந்தது கஞ்சி.

"என்னம்மா இது, கெணத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

மெத்தை இருந்திருந்தால் இப்படி இருக்காது, இனி ஆட்கள் வந்து உட்கார்ந்தால்தான் அடங்கும், மனித உடம்பும் துணியும் வாலை உறிஞ்சும் என்று மருமகள் பொறுமையாகச் சொன்னாள். அடங்காவிட்டால் திறப்பு விழா அன்றைக்கா தெரிந்துகொள்வது என்று அவர் கேட்டார். பக்கத்தில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவர் ஒருவர் நின்றிருந்தார். மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குமேல் பெட்டி அடுக்கிக் காது கிழிய வைப்பதில் பேர்போனவர். தலைவர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: மார்ச் எட்டாம் தேதிக்குள் சரியாகக் கேட்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருமகளின் பெட்டிகள் அத்தனையும் இறங்கும், இவருடைய அடுக்குகள் ஏறும்.

மெத்தையை எடுத்தது நீ. பழி இவளுக்கா? அப்புறம் எந்த ஊர்ல எந்த ஹால்காரன் இவளைக் கூப்பிடுவான்? வாயைத் திறந்திருப்பேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெண்கலம் வாயை மூடிக்கொண்டது. கம்பியில் செய்தி வந்தும் காத்திருக்கும் பெட்டி மாதிரி நின்றேன். கஷ்டமான வேலைதான் அது.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "கணக்கு சரியாத்தான் மாமா இருக்கு. ஆளுங்க உக்காந்தா அடங்கும். ஆனா இவ்ளோ பெரிய ஹாலை நான் இதுவரைக்கும் காதால கேட்டதில்ல" என்றாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

என்ன பெரிய விஷயம்? ஆள்தானே வேண்டும்?

கூட்டம் சேர்ப்பதற்கென்று பிறந்தவன் ஒருத்தன் இந்த வீட்டிலேயே உட்கார்ந்து பேனா கடித்துக்கொண்டிருக்கிறான்.

காலையில் மருமகளிடம் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தாள். பாதி ஹாலாவது நிறைய வேண்டும், வந்தவர்கள் அசையாமல் பேசாமல் உட்கார வேண்டும், கருவிகள் அளக்கும்போது ஒரு இருமல்கூடக் கூடாது என்றாள். ஆயிரம் பேர், அதுவும் சத்தமில்லாமல். கூட்டம் சேர்த்திருக்கிறேன், சத்தமில்லாமல் சேர்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, ஊரைக் கூட்டப் போறீங்களா, ஊர் சிரிக்கப் போகுதா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சந்தைக்குப் போனேன். சும்மா வந்து உட்கார வேண்டும், முடிந்ததும் டீயும் பன்னும் உண்டு என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

மூட்டை தூக்குபவர் கேட்டார், எந்தக் கட்சி என்று. கட்சி இல்லை என்றேன். அப்படியானால் ஏதாவது விற்கிறார்களா? இல்லை. பாட்டு? இல்லை. யாராவது பேசுகிறார்களா? அதுவும் இல்லை.

"கையாவது தட்டணுமா?"

"தட்டவே கூடாது."

"அப்ப எதுக்குய்யா நாங்க?"

சத்தம் உங்கள் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும், திரும்பிப் போகாது, அதற்குத்தான் என்றேன். கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது. ஒட்டினால் வலிக்குமா என்று பூக்காரம்மா கேட்டாள். வலிக்காது, துவைத்தால் போய்விடும் என்று நானே அடித்துவிட்டேன். மருமகள் கேட்டால் திட்டுவாள்.

பிறகு ஒரு உண்மையைச் சொன்னேன், அதுதான் வேலை செய்தது. உடம்பு பெரிதாக இருந்தால் அதிகம் உறிஞ்சும். இதைக் கேட்டதும் வாழைப்பழக்காரர் மார்பை நிமிர்த்தினார். அவரைப் பார்த்து ஊரே கிண்டல் செய்யும், பேருந்தில் இரண்டு பேர் இடம் என்று. "நான் வந்தா ரெண்டு ஆள் கணக்கா?" என்றார். இரண்டரை என்றேன். உடனே தன் அண்ணன் தம்பிகள் எல்லோரும் தன்னைவிடப் பெரியவர்கள் என்று சொல்லிப் போனை எடுத்துவிட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

சந்தை முழுவதும் இதே பேச்சு. தடித்த துணி போட்டால் நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கம்பளி கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். கொண்டுவாருங்கள், ஆனால் தூங்கக் கூடாது. குறட்டையும் சத்தம்தான்.

மார்ச் 4, புதன்

டீச்சர் வகுப்பு முழுவதையும் அழைத்துவருகிறார். காலை வகுப்பு, மாலை வகுப்பு இரண்டும். படித்தவர்கள் நாங்கள், ஒழுங்காக உட்காருவோம் என்று தையல்காரம்மா வாக்குக் கொடுத்தாள். படித்தவர்கள் நாங்கள்! அவளுக்கு இன்னும் தன் கையெழுத்தைப் போட ஒரு பக்கம் வேண்டும்.

மருமகள் இரண்டு நாளாக ஹாலிலேயே இருக்கிறாள். மைக் கூவாமல் இருக்கப் பெட்டிகளின் முகத்தைத் திருப்பித் திருப்பி வைக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. இன்று உப்பு டப்பாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். நான் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

மார்ச் 7, சனி

ஆயிரம் பேரிடம் பேசாதீர்கள் என்று மைக்கில் சொல்வதைவிட எழுதிக் காட்டுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. நாற்காலி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பெரிய அட்டையாக வெட்டிக்கொண்டேன். பெயின்ட்காரர் தூரிகை கொடுத்தார். பிற்பகல் முழுக்க எழுதினேன்.

தயவு செய்து அமைதியாக இருக்கவும்.

முதல் சொல்லைத் தாராளமாக எழுதிவிட்டேன். போகப்போக இடம் குறைந்து 'இருக்கவும்' மட்டும் பேருந்தில் தொங்குகிறவன் மாதிரி ஓரத்தில் தொங்குகிறது. இருந்தாலும் என் எழுத்து. கடைசியில் புள்ளிகூட வைத்திருக்கிறேன். இத்தனை பெரிய எழுத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதியதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்று எழுத முடியாது. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. எல்லாவற்றையும் நாளைக்கு.

மார்ச் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டார்கள். பாதி ஹாலுக்குமேல் நிறைந்துவிட்டது. வாழைப்பழக்காரர் அண்ணன் தம்பிகளோடு வந்து ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டார். வெயில் கொளுத்துகிறது, பூக்காரம்மா குளிர்காலக் கோட்டுப் போட்டு வந்திருந்தாள், வியர்த்து ஊற்றியபடி, நான் நிறைய உறிஞ்சுவேன் என்றாள். தலைவரும் வாடகைக்காரரும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மருமகள் மேடையில் கணினியோடு. ஹால் நெடுக அங்கங்கே கம்பத்தில் அளக்கும் மைக்குகள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. பெட்டிகளிலிருந்து ஒரு சத்தம் வரும், அடியிலிருந்து மெல்ல ஏறும், அது முடியும் வரை யாரும் சத்தம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

ஆயிரம் பேரும் ஒரே குரலில், "சரிம்மா" என்றார்கள்.

நல்ல மனிதர்கள். என்ன செய்ய?

சத்தம் தொடங்கியது. பூமிக்கடியில் எருமை முனகுவது போல ஆரம்பித்து, ஏறி ஏறி, விசிலாகிக் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போகிற சத்தம். எருமை இருக்கும்வரை பொறுத்துக்கொண்டார்கள். அது பூனையாக மாறும்போது முன்வரிசையில் ஒருவர் கிளுக்கென்றார். அவ்வளவுதான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. மருமகள் நிறுத்தினாள்.

மறுபடி கேட்டுக்கொண்டாள். மறுபடி, "சரிம்மா." மறுபடி எருமை. இந்தத் தடவை பூனை வரப்போகிறது என்று தெரிந்துவிட்டதால், அது வருமுன்பே சிரித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை சிரிப்பை அடக்கியவர்கள் எல்லோருக்கும் இருமல் வந்தது. கடைசி வரிசையில் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மருமகளின் கை கணினி மேலே அப்படியே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அட்டையைத் தூக்கிக்கொண்டு மேடையின் நடுவில் போய் நின்றேன். தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தேன்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. எங்கள் வகுப்பில் யாருக்கும் மனதுக்குள் படிக்கத் தெரியாது. டீச்சர் பலகையில் எழுதினால் எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிப்போம். படிப்பது என்றாலே அதுதான். பலகையைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துவிடும்.

தையல்காரம்மாதான் ஆரம்பித்தாள். "த... ய... வு..." உடனே இரண்டு வகுப்பும் சேர்ந்துகொண்டது. "தயவு! செய்து!" படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, அவர்கள் இன்னும் உரக்கப் படித்துக்காட்ட, கேட்டவர்களும் கூடவே சொல்ல, ஹாலே ஒரு வகுப்பாகிவிட்டது. ஆயிரம் தொண்டை. "அமைதியாக! இருக்கவும்!"

புள்ளி வைத்திருந்தேன் அல்லவா, அங்கே எல்லோரும் ஒரே வெட்டாக நிறுத்தினார்கள். டீச்சர் பழக்கியது அது.

நிறுத்தியதும், ஒன்றுமில்லை.

நிஜமாகவே ஒன்றுமில்லை. வால் இல்லை. தம்பி இல்லை, கைக்குழந்தை இல்லை. அன்றைக்கு என் ஒரு தக்காளி குடும்பத்தோடு திரும்பி வந்த அதே ஹால்தான். ஆயிரம் பேர் கத்திய கத்தலைக் கதவைச் சாத்தியது போல விழுங்கிவிட்டது. கத்தியவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மருமகள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்காமல் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"மாமா, அதை இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினேன். கூரையைத் தூக்குவது போலப் படித்தார்கள். புள்ளி. மௌனம். "இன்னொரு தடவை" என்றாள். இந்தத் தடவை அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

பிறகுதான் விளக்கினாள். வாலை அளக்க ஹால் நிறையச் சத்தம் வேண்டும், அது சட்டென்று நிற்க வேண்டும். அதற்காகத்தான் அவள் கருவி எல்லாம் கொண்டுவந்திருந்தாள். அந்த வேலையை என் அட்டை செய்துவிட்டது. செய்யாதே என்று சொன்ன அட்டை!

ஆனால் பெட்டிகளைச் சரிப்படுத்த எருமைச் சத்தமும் முழுதாக ஓடவேண்டுமே. யோசித்தேன். அட்டையைத் திருப்பிப் பிடித்தேன். பின்பக்கம் வெறும் அட்டை. படிக்க ஒன்றும் இல்லை. ஆயிரம் பேரும் ஏதோ எழுத்து வரப்போகிறது என்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். எருமை முனகியது, பூனையாச்சு, விசிலாச்சு, போய்ச் சேர்ந்தது. ஒருவர் வாயும் திறக்கவில்லை. பால்கனிப் பெட்டிகளை இன்னும் ஒரு துளி நேரம் காத்திருக்கச் சொல்லி மாற்றினாள். மறுபடி எருமை. கை கடுத்துப்போயிற்று, நான் அட்டையை இறக்கவில்லை.

கடைசியாகத் தலைவர் தானே பேசிப் பார்க்கிறேன் என்று மேடைக்கு வந்தார். வாடகைக்காரர் கடைசி வரிசையிலேயே இருந்தார். மருமகள் மைக்கைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மைக் திறந்திருப்பதைத் தலைவர் கவனிக்கவில்லை. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே கூடவே மேடையேறியிருந்த கமிட்டிச் செயலாளர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்:

"இது நல்லா வந்துட்டா அந்த ஸ்பீக்கர்காரனுக்கு நான் என்னய்யா பதில் சொல்றது? வாக்கு வேற குடுத்துத் தொலைச்சுட்டேன்."

ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நாற்காலிக்கும் போனது. பால்கனிக்குக் கீழே, தூணுக்குப் பின்னால், எல்லா இடத்துக்கும். கிசுகிசுப்பு கிசுகிசுப்பாகவே போனது, அதுதான் அழகு.

கடைசி வரிசையிலிருந்து வாடகைக்காரர் எழுந்து நின்றார். நல்ல மனிதர் போலிருக்கிறது.

"பரவால்லீங்க தலைவரே. இங்க தெளிவா கேக்குது."

பிறகு யார் நிறுத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. மருமகளும் நிறுத்தச் சொல்லவில்லை. தலைவர் காது சிவந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். பெட்டிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றார், மைக்கிலேயே.

வீட்டுக்கு வரும்போது மருமகள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதாள், மூக்கைச் சிந்தினாள், வண்டியை எடுத்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. இதையெல்லாம் எழுதலாம், பேசக் கூடாது.

மார்ச் 10, செவ்வாய்

வாழைப்பழக்காரர் சந்தையில் எல்லோரிடமும் சொல்கிறாராம், அந்த ஹாலை அடக்கியதே தான்தான் என்று.

மார்ச் 22, ஞாயிறு

திறப்பு விழா. நாற்காலி கிடைக்காமல் ஓரத்தில் நின்றவர்களும் உண்டு. எங்களுக்குப் பால்கனிக்குக் கீழே, பாவங்களின் வரிசையில் இடம். மருமகளே கேட்டு வாங்கியது. மகன் லீவு போட்டு வந்திருந்தான்.

ஒரு சிறுமி பாடினாள். இடையில் அவள் மூச்சு இழுத்ததுகூட என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. காத்திருந்த பெட்டிதான். மருமகள் மேடையைப் பார்க்கவே இல்லை. கேட்கிறவர்கள் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டை யார்தான் கேட்டது என்று தெரியவில்லை.

தலைவர் பேச எழுந்தார். மைக்கைப் பார்த்ததும் தயங்கினார். இவர் பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும் என்று ஊருக்கே தெரியும். இன்று நாலு வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மைக்கிலிருந்து தள்ளிப்போய், செயலாளரிடம் ஏதோ கையால் சைகை காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது மூட்டை தூக்குபவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் பேசியது எல்லாம் புரிந்தது, இனிமேல் யார் பேச்சையும் கேட்கப் போவதில்லை என்றார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது, டீச்சர் சிவப்பாகக் கிழிப்பார்.

மருமகள் போன வாரமே இந்த ரயில் போகிற ஊருக்குப் போய்விட்டாள். நம் ஹாலைக் கேட்டுவிட்டுப் போன யாரோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே கட்டப்போகும் ஹால் இதைவிடப் பெரிதாம். இந்தத் தடவை அஸ்திவாரம் தோண்டும்போதே அவளைக் கேட்கிறார்கள், சுவர் எப்படி வளைய வேண்டும், நாற்காலியில் என்ன மெத்தை என்று. வாடகைக்காரரும் கூடப் போயிருக்கிறார், பெட்டி மாட்டக் கற்றுக்கொள்ள.

நேற்றுப் போனில், "மாமா, ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றாள். எதற்கு என்றேன். தெரியவில்லை, நீங்க வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றாள். உடனே பையைக் கட்டிவிட்டேன்.

எதிர் இருக்கைக்காரர் நெடுநேரமாக நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். ஒரு ஹாலில் போய் உட்கார வேண்டும் என்றேன். என்ன கூட்டம் என்றார்.

"கூட்டம் ஒண்ணும் இல்லீங்க. ஹாலே இன்னும் கட்டல."

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். இப்போது எனக்கு எழுத வசதியாக இருக்கிறது.